மேட்ரிக் கணக்குத் தேர்வு: மகள் தூங்குவதே இல்லை

கேள்வி (டர்பன், தென்னாப்பிரிக்கா):
மகள் பன்னிரண்டாம் வகுப்பு, மேட்ரிக் (இங்கே பள்ளி இறுதித் தேர்வு) எழுதுகிறாள். கணக்குப் பயத்தில் இரவு 2 மணிவரை விழிக்கிறாள், காலையில் சாப்பாடு இறங்கவில்லை. நடுவில் தீபாவளி வேறு. என்ன செய்யலாம்?

பதில் 1:
அக்கா, முதலில் தூக்கம். காலைத் தாள் 9 மணிக்கு. திடீரென இரவு 10 மணிக்குப் படுக்கச் சொன்னால் புரண்டுகொண்டுதான் கிடப்பாள். எழும் நேரத்தை 6 என்று நிலையாக்குங்கள். படுக்கும் நேரத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை அரைமணி முன்னே இழுங்கள். 16 நாளில் 10 மணிக்கு வந்துவிடும். போன் அறைக்கு வெளியே.

பதில் 2:
ஒவ்வொரு கணக்குத் தாளும் 150 மதிப்பெண், 3 மணி நேரம். ஆக 10 மதிப்பெண்ணுக்கு 12 நிமிடம். அதைத் தாண்டினால் அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். கல்வித் துறை இணையதளத்தில் பழைய தாளும் விடைக்குறிப்பும் இலவசம். கடிகாரம் வைத்து எழுதட்டும், விடைக்குறிப்போடு நீங்கள் ஒப்பிடுங்கள் (கணக்கு தெரிய வேண்டியதில்லை). இரண்டாம் தாள் வடிவியலில் கூற்றை எழுதிக் காரணத்தை விட்டால் மதிப்பெண் போகும். விட்ட இடத்தை வட்டமிட்டுக் காட்டுங்கள்.

பதில் 3:
காலையில் ஒரு வாழைப்பழம், ஒரு இட்லி போதும், வற்புறுத்தாதீர்கள். தீபாவளிக்கு எண்ணெய்க் குளியலும் பலகாரமும் இருக்கட்டும். விருந்தாளிகள் தேர்வு முடிந்தபின் வரட்டும். தாள் முடிந்து வந்ததும் வாசலிலேயே "எத்தனை வரும்?" என்று கேட்காதீர்கள், அடுத்த தாளையும் அது கெடுக்கும். இரண்டு வாரமாகியும் சாப்பாடு, தூக்கம் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.