காலம் தாழ்ந்த திருமணமும் அமெரிக்க ஓய்வூதியமும்: டெல்டா மாவட்டத்தார் கவனத்துக்கு

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பகுதிகளிலிருந்து, ஐம்பது வயதைக் கடந்து மணம் முடித்து அமெரிக்காவில் குடியேறியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சோஷியல் செக்யூரிட்டி என்னும் அமெரிக்க அரசு ஓய்வூதியத்தைச் சொந்த உழைப்பால் பெற 40 கிரெடிட், அதாவது ஏறத்தாழப் பத்தாண்டு வேலை தேவை. இந்தியாவுடன் இதற்கான உடன்படிக்கை இல்லாததால் ஊரில் உழைத்த ஆண்டுகள் கணக்கில் சேரா. ஆனால் திருமணமாகி ஓராண்டு நிறைந்து, 62 வயதும் ஆகி, துணைவர் தம் ஓய்வூதியத்தைப் பெறத் தொடங்கியிருந்தால், அவர் கணக்கிலிருந்து உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 1960-இலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் 62-இல் பெறத் தொடங்கினால் துணைவரின் முழுத் தொகையில் 32.5 விழுக்காடும், 67 வரை பொறுத்தால் 50 விழுக்காடும் கிடைக்கும்; அதற்கு மேல் காத்திருப்பதால் பங்கு கூடாது. துணைவர் காலமானால் 60 வயதிலிருந்து பெறும் உரிமைக்கு, பொதுவாக 9 மாத மணவாழ்வாவது இருந்திருக்க வேண்டும்.

கைம்பெண்களின் மறுமணத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். மறைந்த கணவர் கணக்கில் அமெரிக்கப் பணம் பெறுபவர் 60 வயதுக்குப் பின் மணந்தால் அது நிற்காது. அதற்கு முன் மணந்தால் அந்த மணவாழ்வு நீடிக்கும் வரை கிடைக்காது. நம் ஊர்க் கணக்கு வேறு. கணவர் ரயில்வேயிலோ வேறு மத்திய அரசுத் துறையிலோ பணியாற்றியதால் வரும் குடும்ப ஓய்வூதியம், குழந்தையில்லாத, வருமானம் குறைந்த கைம்பெண்ணைத் தவிர மற்றவர்களுக்கு மறுமணத்தோடு நின்றுவிடும், பி.எஃப். வழி வரும் கைம்பெண் ஓய்வூதியமோ எவருக்கும் மறுமணத்தோடு நின்றுவிடும். இதற்கு அஞ்சி மணத்தைப் பதியாமல் சேர்ந்து வாழ்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த அம்மாவுக்கு அமெரிக்காவில் துணைவி என்ற உரிமையை நிறுவுவதே கடினமாகிவிடும்.

முந்தைய மணம் முறைப்படி முடிந்ததற்கான சான்றும் அவசியம். ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்த்துவைத்த பிரிவை மட்டும் நம்பி மறுமணம் செய்தவர்கள் நம் பக்கத்துக் கிராமங்களில் உண்டு. நீதிமன்றத் தீர்ப்பின் நகலோ, முந்தைய துணைவரின் இறப்புச் சான்றிதழோ இல்லாவிட்டால் பின்னாளில் மணமே கேள்விக்குள்ளாகலாம். ஆகவே ஊரில் உறவினர்கள் இருக்கும்போதே அவற்றை வாங்கிவையுங்கள்.

மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் மணந்தவரின் மனைவிக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று 1989-இல் பகவந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அத்தகையவர்கள் கணவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பணியாற்றிய அலுவலகத்துக்குத் திருமணச் சான்றிதழை அனுப்பி, ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயரைச் சேர்த்துவிட வேண்டும்.