ரேடியம் பவுடர் பூசிய படி மின்னவில்லை, அவசரம்

கோத்தகிரிக்காரன்: வணக்கம். வீட்டுப் படியில் ரேடியம் பவுடர் கலந்து பூசியிருந்தேன். இருட்டில் நன்றாக மின்னியது, இப்போது சுத்தமாகப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள். அதன் மேலேயே மறுபடி பூசலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

தேயிலைத்தூள்: என்ன பவுடர், எதில் கலந்தது, எப்போது பூசியது? பச்சையா நீலமா? வெயிலில் சாம்பல் நிறமாகியிருந்தால் ஜிங்க் சல்பைடு என்ற வேறு வகைப் பவுடர், அது வேறு கதை.

பெயிண்டர்அண்ணன்: வெள்ளை பெயிண்டிலேயே கலந்துவிட்டீர்களா தம்பி? அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு, பவுடர் ஒளிர வேண்டிய புற ஊதாவைத் தின்றுவிடும். வெள்ளை அடியில், அதன் மேல் பவுடர் நிறமில்லாத கிளியரில். நூறு தடவை சொல்லியாச்சு.

ஆய்வகத்தான்: முதலில், அது ரேடியமே இல்லை. ஆட்டோ பின்னால் ஒட்டுவதும் ரேடியம் இல்லை, அது விழுந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஸ்டிக்கர். பள்ளிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்திருக்கலாம். உங்களுடையது ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டாக இருக்கும். ஒளிர்வது அதில் கலந்த யூரோப்பியம் என்ற அருமண் உலோகம். கூடவே சேர்க்கும் டிஸ்ப்ரோசியத்தால்தான் எலக்ட்ரான்கள் பொறியில் மாட்டி, மெதுவாக வெளியே வரும். வெளியே தள்ளுவது வெப்பம். மலைக்குளிரில் ஒளி குறையும், அவ்வளவுதான்.

குன்னூர்ப்பனி: அருமண் எல்லாம் நம்ம கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சி மணலிலேயே இருக்கே, பவுடர் ஏன் இவ்வளவு விலை?

ஆய்வகத்தான்: அந்த மணலிலுள்ள மோனசைட் கனிமத்தில் சீரியம், லாந்தனம், நியோடிமியம்தான் அதிகம். யூரோப்பியம் துளி. தோரியம் வேறு இருக்கிறது.

குன்னூர்ப்பனி: ரேடியம் என்றதற்கு அடிக்க வந்தீர்கள், இப்போது நீங்களே கதிரியக்கத்தைக் கொண்டுவருகிறீர்களே சார்!

தேயிலைத்தூள்: மணல் சண்டையைத் தனி இழையில் போடுங்கள். கேட்டவர் எங்கே?

கோத்தகிரிக்காரன்: மன்னிக்கவும், வேலையாக இருந்தேன். பச்சை. கவரில் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்றுதான் இருந்தது. தண்ணீர் ஊற்றிக் கலக்கும் கிளியர் எமல்ஷன். தை மாதம் பூசியது, அந்தக் குளிரிலும் விடியும்வரை தெரிந்தது. ஐப்பசி மழைக்கு அப்புறம்தான் போச்சு.

தேயிலைத்தூள்: அப்போது குளிர் காரணமில்லை, தண்ணீர்தான். துகள்களில் மேல்பூச்சு இல்லாத ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் ஈரம் பட்டால் சிதைந்து ஹைட்ராக்சைடு என்ற காரமாகிவிடும், ஒளி போய்விடும். எமல்ஷன் படலம் சில மாதம் காப்பாற்றியிருக்கிறது, மழை ஊறியதும் முடிந்தது. மிச்சப் பவுடர் ஒரு சிட்டிகையை நல்ல தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு, காலையில் மஞ்சள் தூள் தூவுங்கள். சிவந்தால் காரம், மேல்பூச்சு இல்லாத சரக்கு. படியில் சோதிக்காதீர்கள், சிமெண்டே காரம்.

பெயிண்டர்அண்ணன்: சரி, அப்படியென்றால் சுரண்டிவிட்டுத்தான் பூசணும். தண்ணீர் தாங்கும் மேல்பூச்சு போட்ட பவுடர் கேட்டு வாங்கி, தண்ணீர் கலக்காத கிளியரில் அடியுங்க. இந்த மழையில் காயாது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு பல்பு மாட்டுங்க தம்பி.

ஆய்வகத்தான்: குளிரும் ஒரு காரணம் என்றுதான் சொன்னேன்.

தேயிலைத்தூள்: "அவ்வளவுதான்" என்று சொன்னீர்கள். மேலே இருக்கிறது.

கோத்தகிரிக்காரன்: மஞ்சள் சிவந்துவிட்டது. பல்பு மாட்டியாச்சு. நன்றி.

ஆய்வகத்தான்: எந்தப் பல்பு? வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பதும் சீரியம் கலந்த பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள்தான், அதில் நீல ஒளி மிச்சமிருக்கும். மஞ்சள் வெளிச்சத்தில் புதுப் பவுடர்கூடச் சரியாகச் சார்ஜ் ஏறாது. வெள்ளையா மஞ்சளா?

ஆய்வகத்தான்: ஐயா, இருக்கிறீர்களா?