மால்யூனியன்: கோணற்கூடலா, பிறழ்கூடலா?

> மால்யூனியனுக்கு, அதாவது முறிந்த எலும்பு தவறான நிலையில் கூடிவிடுவதற்கு, 'கோணற்கூடல்' என்ற தமிழ்ச்சொல் போதுமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா. 'கூடல்' என்ற பாதி இருக்கட்டும். "எலும்பு கூடிடுச்சு" என்றுதான் பேச்சில் வருகிறது. தகராறு 'கோணல்' மீதுதான். விரலெலும்பு தவறாகக் கூடினால் கோணும், முறுக்கிக்கொள்ளும், குறுகும். மூட்டுப் பரப்பில் படிபோல ஏற்ற இறக்கமும் விழும். 'கோணல்' முதலாவதை மட்டுமே சொல்கிறது. கையில் பெருந்தொல்லை முறுக்கம். உள்ளங்கை எலும்பு 5 பாகை திரும்பினாலே, மடக்கும்போது விரல் நுனி சுமார் 1.5 செ.மீ. விலகிப் பக்கத்து விரல்மேல் ஏறும். எக்ஸ்ரேயில் இது எளிதில் பிடிபடாது. விரல்களை மடக்கச் சொல்லி நக வரிசையைப் பார்க்க வேண்டும். படத்தில் நேராகத் தெரியும் எலும்பைக் 'கோணற்கூடல்' என்றால் மாணவர் குழம்புவார்.

ஆகவே 'பிறழ்கூடல்'. திசை, நீளம், எது தவறினாலும் பிறழ்ச்சியே. வினைத்தொகை, ஆகவே 'க்' மிகாது. கூடாமலே நின்றால் 'கூடாமை'.

> ஏற்கிறேன். அதைச் சீராக்கும் அறுவையான கரெக்டிவ் ஆஸ்டியோடமிக்குத் 'திருத்த எலும்பு நீக்கம்' சரிதானே?

'எக்டமி'தான் நீக்கம், 'டமி' அறுப்பு. 'திருத்த எலும்பறுப்பு' என்போம். முறுக்கத்துக்கு எதையும் நீக்குவதில்லை: குறுக்கே அறுத்து, திருப்பி, தகடு பொருத்துகிறார்கள். அறுக்குமுன்பே இருபுறமும் ஒவ்வொரு கே-கம்பியை (எலும்பில் செருகும் மெல்லிய உலோகக் கம்பி), திருத்த வேண்டிய கோணம் இடையில் விழும்படி செருகிவிடுவார்கள். திருப்பியதும் இரண்டும் இணையாக வந்தால் முறுக்கம் எடுபட்டது. முதலில் அறுத்துவிட்டால் அளவுக்குப் பிடிப்பே இராது. ரம்பத்தில் உப்புநீர் ஊற்றாவிட்டால் சூட்டில் எலும்போரம் செத்துப்போகும். பிறழ்கூடலைத் திருத்தப்போய்க் கூடாமையில் முடியும்.

கோணலைத் திருத்தும் இரு முறைகளுக்கும் தனிச்சொல் வேண்டும். ஆப்பு வடிவத் துண்டை எடுத்து மூடும் க்ளோசிங் வெட்ஜ் 'ஆப்பெடுப்பு'. அறுத்த இடத்தை ஒரு பக்கம் விரித்து, இடைவெளியில் எலும்பு ஒட்டு (கிராஃப்ட்) வைக்கும் ஓபனிங் வெட்ஜ் 'ஆப்பு விரிப்பு'. ஆப்பெடுப்பில் எலும்பு குறுகும். உள்ளங்கை எலும்பு 2 மி.மீ. குறுகினால் விரல் நீட்டுவதில் சுமார் 7 பாகை போய்விடும். ஏற்கெனவே குறுகிய எலும்புக்கு விரிப்பே பொருத்தம்.

ஓர் இடர்ப்பாடு: 'ஒட்டு' கிராஃப்ட்டுக்கும் வருகிறது, அட்ஹீஷனுக்கும் வருகிறது. தகட்டின்மேல், விரலை நீட்டும் தசைநாண் ஒட்டிக்கொண்டு விரல் விறைப்பது இந்த அறுவையில் அடிக்கடி எழுத வேண்டிய செய்தி. அதை 'ஒட்டிப்பிடிப்பு' என்று பிரிக்கலாமா?