பழைய பிராசஸரை ஓவர்கிளாக் செய்தபோது (இயல்பைவிட வேகமாக ஓட்டியபோது) மனத்தை விட்டுப் போகாத ஒரு கணம்: உங்களுடையது எது? (பதில்கள், எழுதியவர் பெயருக்குக் கீழே)

அலைவரிசை

ஐ5-2500கே, 4.5 கிகாஹெர்ட்ஸ், மல்டிபிளையர் (அடிப்படை வேகத்தைப் பெருக்கும் எண்) 45. பிசிஎல்கே என்ற அந்த அடிப்படை வேகம் 100 மெகாஹெர்ட்ஸ், அதைத் தொடவே இல்லை. தொட்டால் டிஸ்க்குக்கான சாட்டா, கிராபிக்ஸ் அட்டைக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஆகியவற்றின் வேகமும் சேர்ந்து நகரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வோல்ட்டேஜ் ஆஃப்செட் முறையில், அதாவது சில்லு தானாகக் கேட்கும் அளவோடு ஒரு எண்ணைக் கூட்டும் அல்லது கழிக்கும் முறையில், இருந்தது.

முழுச்சுமை கொடுக்கும் பிரைம்95 சோதனை இரவு முழுவதும் ஓடியது. நான்கு கோர்களும் நூறு சதவீதச் சுமையில், ஒரு பிழைகூட இல்லை. காலையில் நிறுத்தினேன். வெப்பம் இறங்கியது, விசிறியின் இரைச்சல் அடங்கியது. காலியான டெஸ்க்டாப் மட்டும் திரையில். மவுஸை நகர்த்தினேன், அம்பு அசையவில்லை. மூலையில் இருந்த கடிகாரம் நின்றுபோயிருந்தது. விண்டோஸ் பிழை காட்டும் நீலத்திரை வரவில்லை, கணினி தானாக மறுபடி துவங்கவும் இல்லை. இரவெல்லாம் முழுச்சுமை தாங்கியது, எந்த வேலையும் இல்லாதபோது விழுந்தது.

காரணத்தைப் பிறகு கண்டுபிடித்தேன். வோல்ட்டேஜ் சரிவை ஈடுகட்டும் லோட்லைன் கலிபிரேஷன் உயர்ந்த நிலையில் இருந்ததால் சுமை ஏறும்போது வோல்ட்டேஜ் சரியவில்லை. அதனால் ஆஃப்செட்டை மைனஸில் வைத்தே 4.5 கிடைத்தது. ஆனால் அந்த மைனஸ், சில்லு 1.6 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கி ஓய்வெடுக்கும்போதும் கழிக்கப்படுகிறது. அங்கே கழிப்பதற்கு மிச்சம் எதுவும் இல்லை. ஆஃப்செட்டைச் சற்று மேலே கொண்டுவந்ததும் சரியாகிவிட்டது; பிறகு கலிபிரேஷனையும் ஒரு படி குறைத்தேன்.

சரியாகிவிட்டது என்றாலும் அந்த நின்றுபோன கடிகாரம் இன்னும் என்னை உறுத்துகிறது. இரவு முழுவதும் ஓடிய சோதனை எதைத்தான் சோதித்தது?

பழஞ்சில்லு

கியூ6600, ஜி0 ஸ்டெப்பிங் (தயாரிப்புப் பதிப்பு). எப்எஸ்பி, அதாவது பிராசஸரைப் போர்டோடு இணைக்கும் பாதையின் வேகம், 266 மெகாஹெர்ட்ஸ்; 9-ஆல் பெருக்கினால் 2.4 கிகாஹெர்ட்ஸ். எப்எஸ்பியை 333 ஆக்கினால் 3.0, இதை அந்தக் காலத்தில் எல்லோரும் செய்தார்கள். நான் குறிவைத்தது 400, அதாவது 3.6. மெமரியை ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வைத்தால் டிடிஆர்2-800 (400-இன் இரட்டிப்பு) தன் இயல்பான வேகத்திலேயே இருக்கும். அவ்வளவு அழகான கணக்கு!

360 வரை சுலபமாக ஏறியது. அதற்கு மேல் எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஒரே காட்சிதான். பொத்தானை அழுத்துவேன், விசிறிகள் சுழலும், இரண்டு விநாடியில் நிற்கும், மறுபடி சுழலும், மறுபடி நிற்கும். கீபோர்டு விளக்குகள் ஒருமுறை மின்னி அணையும். திரை கறுப்பாகவே இருக்கும். கடைசியில் போர்டே தோல்வியை ஒப்புக்கொண்டு 266-இல் எழுந்து நிற்கும்.

சுவர் இதுதான் என்று முடிவுகட்டுவதற்கு முன்னால், ஒரு பிடிவாதத்தில் 390 கொடுத்தேன். விசிறி சுழன்றது. நிற்குமா என்று காத்திருந்தேன், நிற்கவில்லை. திரையில் 3.51 கிகாஹெர்ட்ஸ். 365-இல் எழ மறுத்த அதே போர்டு, அதே வோல்ட்டேஜ். பிராசஸரையும் மெமரியையும் இணைக்கும் நார்த்பிரிட்ஜ் சில்லின் உள் தாமதங்கள் எந்த ஸ்ட்ராப்பில் (எப்எஸ்பி வேகப் படியில்) இருக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகின்றன என்பதும், ஒரு ஸ்ட்ராப்பின் மேல்விளிம்பில் அவை இறுக்கமாகவும் அடுத்ததில் தளர்வாகவும் இருக்கும் என்பதும் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், சுவரைத் தாண்டிய பிறகும் தரை இருக்கிறது என்பது மட்டும்தான்.

வெள்ளிப்பசை

என் கதை சின்னது. ஐ7-2600கே, 4.7 கிகாஹெர்ட்ஸ், ஒரு பெரிய கோப்பைச் சுருக்கிக்கொண்டிருந்தேன், 124 என்று முடியும் பிழை எண்ணோடு நீலத்திரை. வீகோரை (கோர்களுக்கான வோல்ட்டேஜ்) ஒரு படி ஏற்றினேன், மறுபடி வரவில்லை.

ஆனால் அலைவரிசை சொன்ன காரணத்தை நான் ஏற்கவில்லை. ஓய்வில் உறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பவர் சப்ளையை. ஆழ்ந்த உறக்க நிலையில் சில்லு இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு; பழைய பவர் சப்ளைகளில் சில அவ்வளவு குறைந்த சுமையில் 12 வோல்ட்டை ஒழுங்காகப் பிடிப்பதில்லை. கலிபிரேஷனைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் சி-ஸ்டேட்டுகளை, அதாவது அந்த உறக்க நிலைகளை, அணைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். முதல் நாளே ஆஃப்செட்டில் இறங்காதீர்கள். நிலையான வோல்ட்டேஜைக் கொடுங்கள், மின்சேமிப்பு வசதிகள் அனைத்தையும் அணையுங்கள், மெமரியைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்துக்கும் கீழே வையுங்கள். மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒரு முழுச் சுற்று பிழையின்றி முடிந்த பிறகுதான் மல்டிபிளையர் பக்கம் கையை வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றிவிட்டு விழுந்தால் எதனால் விழுந்தது என்று உங்களுக்குத் தெரியாது. மாற்றிய ஒவ்வொன்றையும் காகிதத்தில் எழுதுங்கள், போர்டின் சிமோஸ் நினைவகத்தை அழித்தால் பயாஸில் வைத்த அமைப்புகள் எல்லாம் போய்விடும்.

வோல்ட்டேஜுக்கு மரியாதை கொடுங்கள். சில்லு தின்னும் மின்திறன் அதிர்வெண்ணோடு நேர்விகிதத்திலும் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. 3.4-இலிருந்து 4.5-க்குப் போவது 32 சதவீதம்தான். அதற்காக 1.20 வோல்ட்டை 1.35 ஆக்கினால் அந்த ஏற்றம் மட்டும் 27 சதவீதம் சேர்க்கிறது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 67 சதவீதம் அதிகம். இதில் கசிவு மின்னோட்டத்தை நான் சேர்க்கவே இல்லை. கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்காக 0.05 வோல்ட் கேட்கும் சில்லிடம் அதைக் கொடுக்காதீர்கள். அந்த 100 மெகாஹெர்ட்ஸை எந்த வேலையிலும் உங்களால் உணர முடியாது.

இன்னொன்று. நிலைத்தன்மை உறுதியாகும்வரை முக்கியமான கோப்புகள் இருக்கும் டிஸ்க்கை இணைக்காதீர்கள். எழுதும் நேரத்தில் விழுந்தால் இழப்பது பிராசஸரை அல்ல.

அலைவரிசை

வெள்ளிப்பசை, நீங்கள் சொல்லும் பவர் சப்ளைச் சிக்கல் 2013-இல் வந்த ஹாஸ்வெல் என்ற இன்டெல் தலைமுறைக்கு உரியது. அதன் சி6, சி7 நிலைகளில் 12 வோல்ட் தடத்தில் மின்னோட்டம் 0.05 ஆம்பியர் வரை இறங்கும் என்பதால்தான் அப்போது பவர் சப்ளை நிறுவனங்கள் பொருந்தும் பட்டியல் வெளியிட்டன. என்னுடையது 2011-இன் சாண்டிபிரிட்ஜ். சி-ஸ்டேட்டுகளை அணைத்தும் பார்த்தேன், அப்போதும் உறைந்தது. ஆஃப்செட்டை மட்டும் மாற்றியதும் உறைவது நின்றது. ஒரு நேரத்தில் ஒரு எண் என்ற உங்கள் விதியின்படியே செய்தேன்.

செம்புக்குழாய்

எப்எக்ஸ்-8350, 23 மல்டிபிளையரில் 4.6 கிகாஹெர்ட்ஸ். போர்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

வீடியோ மாற்றிக்கொண்டிருந்தேன். கோர் வெப்பநிலை ஐம்பதுகளில், பெரிய கூலர், எந்தக் கவலையும் இல்லை. ஆனால் வரைபடத்தில் கோடு நேராக இல்லை, சீப்பின் பற்களைப்போல ஏறி இறங்கியது. 4.6, 4.6, திடீரென்று 1.4, மறுபடி 4.6. விழும் ஒவ்வொரு முறையும் விசிறியின் சத்தம்கூட மாறியது. மென்பொருளில் எச்சரிக்கை எதுவும் இல்லை. சாக்கெட்டுக்குப் பக்கத்தில், பிராசஸருக்கு வோல்ட்டேஜ் தரும் விஆர்எம் சுற்றின் ஹீட்சிங்க் மீது விரலை வைத்தேன், ஒரு விநாடிகூட வைத்திருக்க முடியவில்லை.

இயல்பான வேகத்திலேயே 125 வாட் கேட்கும் சில்லு அது. நான்கு ஃபேஸ் (விஆர்எம்மில் சுமையைப் பகிரும் பிரிவுகள்) மட்டும் உள்ள போர்டால் அந்த மின்னோட்டத்தைத் தொடர்ந்து கொடுக்க முடியவில்லை, தன்னைக் காத்துக்கொள்ளச் சில்லின் வேகத்தைப் பிடித்து இழுத்தது. மேலே வெள்ளிப்பசை எழுதிய நீண்ட பட்டியலில் விஆர்எம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பழைய போர்டில் பிராசஸரைவிட முதலில் களைத்துப்போவது அதுதான். 80 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை அந்த ஹீட்சிங்க்கை நோக்கி வைத்ததும் கோடு நேரானது. கோபுர வடிவக் கூலர்கள் காற்றைப் பின்பக்கமாகத் தள்ளுகின்றன, கீழே இருக்கும் விஆர்எம்முக்கு எதுவும் கிடைப்பதில்லை. பெட்டியோடு வந்த கூலர் கீழ்நோக்கி ஊதும் என்பதால் இந்த விஷயத்தில் அதுவே மேல். இதை யாரும் சொல்வதில்லை.

நாடாத்துண்டு

செலரான் 300ஏ, 1998. எப்எஸ்பியை 66-இலிருந்து 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆகிவிடும். என் போர்டில் அதற்கான வசதி இல்லை. ஸ்லாட்டில் செருகும் பிராசஸர் அட்டையின் பி21 என்ற தொடுமுனைமீது மெல்லிய நாடாத்துண்டு ஒன்றை ஒட்டிச் செருகினேன். போர்டு இதை 100 கேட்கும் பிராசஸர் என்று எடுத்துக்கொண்டது. முதல் திரையில் 450 என்ற எண்ணைப் பார்த்தபோது ஏற்பட்ட படபடப்பு அதற்குப் பிறகு வாங்கிய எந்தப் பிராசஸரிடமும் வரவில்லை. வோல்ட்டேஜ் தொடவில்லை, கூலரை மாற்றவில்லை.

மின்னோட்டம்

அலைவரிசையின் கேள்விக்கு என் பதில்: பிரைம்95 பிரைம்95-ஐத்தான் சோதிக்கிறது.

ஐ7-3770கே, 4.6. பிரைம் ஓடியது, லின்எக்ஸ் என்ற இன்னொரு சுமைச் சோதனையும் ஓடியது. பல வாரங்கள் எந்தக் குறையும் இல்லை. வேறு ஏதோ தேடுவதற்காக விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். டபிள்யூஎச்இஏ (வன்பொருள் பிழைகளைப் பதியும் பகுதி), நிகழ்வு எண் 19, "சரிசெய்யப்பட்ட வன்பொருள் பிழை". கீழே உருட்டினேன், அதே வரி. இன்னும் உருட்டினேன், மறுபடி அதே வரி. பெரும்பாலானவை நான் விளையாடிக்கொண்டிருந்த மாலை நேரங்களில் பதிவானவை. திரையில் எதுவும் தெரியவில்லை, ஆனால் உள்ளே சில்லு தவறு செய்துகொண்டும் திருத்திக்கொண்டும் இருந்திருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. திருத்த முடிந்தவை மட்டும்தானே அங்கே பதிவாகின்றன, மற்றவை?

4.4-க்கு இறக்கினேன், பட்டியல் நின்றது. வெப்பம்தான் தடை என்று சிலர் பிராசஸரின் உலோக மூடியைக் கழற்றச் சொல்வார்கள். அந்தத் தலைமுறையில் மூடிக்கும் சில்லுக்கும் நடுவே சாண்டிபிரிட்ஜில் இருந்த சால்டர் உலோகத்துக்குப் பதிலாக வெப்பப்பசை வந்தது உண்மை, கழற்றிப் புதுப்பசை வைத்தால் வெப்பம் நன்றாகவே குறைகிறது. ஆனால் ஒரு கத்தி வழுக்கினால் சில்லு போய்விடும். 200 மெகாஹெர்ட்ஸுக்கு அது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

வெள்ளிப்பசை

ஹாஸ்வெல் பற்றி அலைவரிசை சொன்னது சரி. விஆர்எம் பற்றிச் செம்புக்குழாய் சொன்னதும் சரி. ஆனால் மின்னோட்டம், ஈவென்ட் வியூவரில் 19 இல்லை என்பதால் நிலையானது என்று சொல்லிவிட முடியாது. சாண்டிபிரிட்ஜில் பலருக்கு அந்த வரி வராமலேயே நேராக நீலத்திரை வருகிறது. பிரைமும் ஓட்டுங்கள், அன்றாட வேலையையும் ஓட்டுங்கள், ஓய்விலும் விட்டுப் பாருங்கள். மூன்றும் வேண்டும்.

மூன்றாம்தடம்

எக்ஸ்58 போர்டு, அதில் ஐ7-920 இருந்த இடத்தில் ஜியான் எக்ஸ்5650 (வெஸ்ட்மியர் தலைமுறைச் சர்வர் பிராசஸர்). ஆறு கோர். பிசிஎல்கே 200, மல்டிபிளையர் 20, நேராக 4.0. இரண்டு ஜிபி மெமரி மூன்று, மொத்தம் 6.

எல்லாச் சோதனையும் கடந்தது. ஒருநாள் முதல் திரையை ஏதேச்சையாகக் கவனித்தேன், 4 ஜிபி. விண்டோஸிலும் 4 ஜிபிதான். எந்தப் பிழைச்செய்தியும் இல்லை, ஒரு மெமரித் தடம் சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தது. மெமரிகளை மாற்றி மாற்றிச் செருகினேன், அதே தடம்தான் விழுந்தது. ஆகவே குற்றம் மெமரியில் இல்லை. அன்கோர் (கோர்களுக்கு வெளியே, மெமரியைக் கையாளும் பகுதி) வேகம் மெமரியின் வேகத்தைப்போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் இருந்தது (920-இல் இரண்டு மடங்கு வேண்டும், வெஸ்ட்மியருக்கு இது போதும்). மெமரி வோல்ட்டேஜும் 1.65-ஐத் தாண்டவில்லை. அன்கோருக்கான கியூபிஐ/விடிடி வோல்ட்டேஜை ஒரு படி ஏற்றியதும் 6 திரும்பிவந்தது.

திரும்பிவந்தது, ஆனால் முழுமையாக இல்லை. நீண்ட நேரம் அணைந்து முழுவதும் ஆறிய நிலையில் இயக்கினால் சில சமயம் 4 காட்டுகிறது. உடனே மறுதொடக்கம் செய்தால் 6. கூலரைத் திருகிய அழுத்தம் சமமாக இல்லாவிட்டால் சாக்கெட்டின் ஒரு பக்கம் தொடர்பு குறையும் என்று சொல்கிறார்கள். கழற்றி, குறுக்காக மாறி மாறித் திருகி மறுபடி வைத்தேன், மாற்றமில்லை. பிசிஎல்கே இயல்பான 133-இல் இருந்தால் இது ஒருபோதும் நடப்பதில்லை. ஆறியபோது மட்டும் ஒரு தடத்தை இழக்கும் எக்ஸ்58-ஐ இங்கே வேறு யாராவது பார்த்திருந்தால், விடிடி-யை எவ்வளவில் நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள்.