அவுட்லுக்ல கான்டாக்ட்ஸ பிரிச்சு வைக்கறது எப்படிங்க?

வணக்கங்க. திருப்பூர்ல சின்னதா ஒரு பனியன் யூனிட், மெர்ச்சன்டைசிங், பர்ச்சேஸ் ரெண்டும் நான்தான் பாக்கறேன். அவுட்லுக் பழைய டெஸ்க்டாப் வெர்ஷன், அதுல எழுநூறு கான்டாக்ட் ஒரே குவியலா கெடக்கு. நேத்து காம்பேக்டிங்காரருக்குப் (துணி பின்னாடி சுருங்காம இருக்க அழுத்திக் குடுக்கறவரு) போக வேண்டிய மெயில் அதே பேர்ல இருக்கற எம்பிராய்டரிக்காரருக்கு அனுப்பிட்டேன், அவரு போன் போட்டு "என்னங்க, துணிய நான் எங்க போய் காம்பேக்ட் பண்றது"ங்கறாரு.

எனக்கு வேணுங்கறது, சப்ளையர்னு ஒண்ணு, அதுக்குள்ள நூல், நிட்டிங், டையிங், பிரிண்டிங், ஆக்சசரீஸ், ஆக்சசரீஸுக்குள்ள மறுபடி பட்டன், ஜிப், லேபிள், அட்டைப்பெட்டின்னு. கலர் கேட்டகிரி போட்டுப் பாத்தேன், ஒண்ணுக்குள்ள ஒண்ணு வைக்க வழியில்ல, கலரும் மொத்தமே 25தான். ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் போடலாம், ஆனா டையிங்கும் பிரிண்டிங்கும் சேத்துப் பண்றவர எதுல வைக்க? ரெண்டுலயும் காப்பி வச்சா நம்பர் மாறும்போது ஒண்ண மாத்திட்டு இன்னொண்ண மறந்துடுவேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா.

இப்போதைக்கு "சப்ளை-டையிங்", "சப்ளை-ஜிப்"னு முன்னாடி ஒரு ஒட்டு வச்சு கேட்டகிரி பேரு போடறேன், ஒருத்தருக்கே ரெண்டு மூணு போட முடியுது, லிஸ்ட்லயும் பக்கத்து பக்கத்துல வருது. நாப்பது பேருக்குப் போட்டதுக்கே கை வலிக்குதுங்க.

எல்லாத்தையும் சிஎஸ்வி ஃபைலா எடுத்து, எக்செல்ல கேட்டகிரிக்கான நெடுவரிசைய நிரப்பி திரும்ப இம்போர்ட் பண்ணவங்க யாராவது இருக்கீங்களா? பேரு டபுள் டபுளா வராம இருக்க என்ன பண்ணீங்க? மொபைல்ல கூகுள் கான்டாக்ட்ஸ் லேபிள் பாக்கலாம்னா அதுலயும் உள்பிரிவு இல்ல. வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட்டுக்கு முன்னாடி சொன்னீங்கன்னா புண்ணியமா போகும்.