டேங்க் நிரப்பியதும் காருக்குள் பெட்ரோல் வாடை

கேள்வி: வணக்கம். எனது பெட்ரோல் காரில் டேங்க்கை முழுவதும் நிரப்பிய மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், பின்னிருக்கைப் பக்கம் வாடை மூக்கைத் துளைக்கிறது. அரை டேங்க்கிற்குக் கீழே இறங்கியதும் நின்றுவிடுகிறது. வண்டிக்கு அடியில் சொட்டு ஏதும் இல்லை. எங்கே பார்க்க வேண்டும்?

பதில்: நிறைந்திருக்கும்போது மட்டும் வாடை வருவதால், டேங்க்கின் மேற்பகுதியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பல கார்களில் பின்னிருக்கைக்கு அடியிலுள்ள சிறு மூடியைக் கழற்றினால் பெட்ரோல் பம்பின் தலைப்பகுதி தெரியும். அதைச் சுற்றி ஈரமோ, புழுதி ஒட்டிய கறையோ இருந்தால் ரப்பர் சீலை மாற்றிவிடுங்கள். பழைய சீலைத் திருப்பிப் போட வேண்டாம்.

பதில்: பங்க்கில் குழாய் தானாக நின்ற பிறகும், தொகையை ரவுண்டாக்க இன்னும் கொஞ்சம் நிரப்பச் சொல்வீர்களா, ஐயா? டேங்க்கின் ஆவியை மட்டும் உறிஞ்ச வேண்டிய கரி கேனிஸ்டருக்குள் (கரி நிரப்பிய டப்பா) திரவப் பெட்ரோலே புகுந்துவிட்டாலும் இப்படித்தான் வாடை வரும்.

பதில்: தயவுசெய்து பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, கதவுகளைத் திறந்துவைத்து, காற்றோட்டமான இடத்தில் பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். சிறு பொறியே போதும்.

கேட்டவர்: மெக்கானிக்கை வைத்து மூடியைக் கழற்றிப் பார்த்தோம். சீல் காய்ந்து ஓரிடத்தில் வெடித்திருந்தது. புதியது போட்டு முழு டேங்க் நிரப்பிய பிறகும் வாடை இல்லை. அனைவருக்கும் மிக்க நன்றி.