ஆன்டித்ராம்பினை முடுக்கும் ஹெப்பாரின் இன்னும் தேவையா?

நேர்வழி:
ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் தானாக எதையும் தடுப்பதில்லை. நம் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற உறைவு தடுக்கும் புரதத்தை முடுக்கிவிடுகிறது, அவ்வளவுதான். ஆன்டித்ராம்பின் குறைவாக உள்ள நோயாளிக்கு டோஸை ஏற்றிக்கொண்டே போனாலும் ஏபிடிடி (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் சோதனை) நகராது. ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பினை நேராகவே பிடிக்கும் அர்காட்ரோபன், பைவாலிருடின் இருக்கையில் இந்தச் சுற்றுவழி எதற்கு? போதாக்குறைக்கு இது பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் சரக்கு. 2008இல் அதில் நடந்த கலப்படம் அமெரிக்காவில் உயிர்களைப் பறித்தது.

ஐசியூ அக்கா:
தம்பி, அந்த "அவ்வளவுதான்" சுமார் ஆயிரம் மடங்கு வேகம்! ஆன்டித்ராம்பின் ஒரு எலிப்பொறி மாதிரி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் வளையத்தை த்ராம்பின் வெட்டப் பார்க்கும். வெட்டிய கணமே வளையம் உள்ளே மடங்க, இரண்டும் பிரிக்க முடியாமல் சிக்கிக்கொள்ளும். ஹெப்பாரின் மட்டும் கழன்று அடுத்த ஆன்டித்ராம்பினுக்குப் போய்விடும். பைவாலிருடினில் ஒரு மூலக்கூறுக்கு ஒரு த்ராம்பின்தான். அதோடு, பைபாஸ் அறுவை முடிந்ததும் புரோட்டமின் கொடுத்தால் சில நிமிடங்களில் ஹெப்பாரின் அடங்கிவிடும். நீங்கள் சொல்லும் இரண்டுக்கும் முறிமருந்தே கிடையாது.

நேர்வழி:
முறிமருந்து விஷயம் சரிதான். ஆனால் ரத்தக்கட்டிக்குள் ஃபைப்ரின் நாரோடு ஒட்டிக்கிடக்கும் த்ராம்பினை ஹெப்பாரின்-ஆன்டித்ராம்பின் ஜோடியால் சரிவர எட்ட முடியாது. ஹெப்பாரினாலேயே பிளேட்லெட் சரியும் ஹெச்ஐடி வந்துவிட்டால், அக்காவும் அர்காட்ரோபனைத்தான் தேட வேண்டும்.

மருந்தியல் வாத்தியார்:
இருவரும் ஹெப்பாரின் என்றால் ஒரே பொருள் என்பதுபோலப் பேசுகிறீர்கள். ஆன்டித்ராம்பினை இறுகப் பிடிப்பது அதிலுள்ள ஐந்தே சர்க்கரை அலகுகள். அவை ஒட்டியதும் புரதத்தின் வடிவம் மாறும். த்ராம்பினை உருவாக்கும் பத்தாம் உறைவுக் காரணியை மடக்க அதுவே போதும். த்ராம்பினை மடக்க மட்டும் 18 அலகுக்குக் குறையாத சங்கிலி வேண்டும், ஒரு முனையில் ஆன்டித்ராம்பினும் மறுமுனையில் த்ராம்பினும் உட்கார வேண்டுமே. அந்த ஐந்தை மட்டும் ஆய்வகத்தில் கட்டியதுதான் ஃபோண்டாபரினக்ஸ். பன்றி கிடையாது, ஹெச்ஐடி மிக அரிது. அதுவும் ஆன்டித்ராம்பின் வழியாகத்தான் வேலை செய்கிறது. ஆக, கலப்படமும் ஹெச்ஐடியும் சரக்கின் குறை. முடுக்கும் வழியின் மேல் பழி போடாதீர்கள்.

ஐசியூ அக்கா:
சார், அது 17 மணி நேரம் கழித்தும் பாதி உடம்பில் இருக்கும். புரோட்டமினுக்கு மசியாது. சிறுநீரகம் மோசமாகப் பழுதானவருக்குக் கொடுக்கவே கூடாது. டயாலிசிஸில் எனக்குப் பழைய ஹெப்பாரின்தான்.

நேர்வழி:
ஆன்டித்ராம்பினே குறைந்தவருக்கு என்ன வழி? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

ஐசியூ அக்கா:
ஆன்டித்ராம்பினையே ஊசியாக ஏற்றலாம், கிடைக்காத இடத்தில் பிளாஸ்மா. அப்போதும் ஏபிடிடி அசையாவிட்டால் உங்கள் அர்காட்ரோபன். அந்த நோயாளிக்கு மட்டும்.